பேக்கிங் வகுப்பும் என் முதல் ரிக்கும்: 60 ஜம்ப்புக்குப் பிறகு

ஸ்கைடைவிங்கில் இதுவரை நான் செலவழித்ததில் மிக நன்றாகச் செலவான பணம் 60 டாலர்தான். பாராசூட் மடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குக் கொடுத்தது. இரண்டு சனிக்கிழமை காலை, ஒரு வகுப்புக்கு நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நடத்துபவர் அரசு உரிமம் பெற்ற ரிக்கர், அதாவது பாராசூட்டை மடிக்கவும் பழுதுபார்க்கவும் தகுதி பெற்றவர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை.

நான் ஜம்ப் செய்வது அரிசோனாவில், ஈலாய் என்ற சிற்றூரில். பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் பருத்தி வயலும் பாலைவனமும்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் வானம் தெளிவாக இருப்பதால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் அங்கே குதிக்க வருகிறார்கள். சாண்ட்லரில் வேலை பார்க்கும் எனக்குக் காரில் முக்கால் மணி நேரம். ஸ்கைடைவர்களுக்கான முதல் நிலை உரிமமான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். அதை முடித்தபோது எனக்கு விழத் தெரியும், திறக்கத் தெரியும், ஓரளவு சரியாகத் தரையிறங்கத் தெரியும். மடிக்கத் தெரியுமா என்றால், சோதனை அட்டையில் கையெழுத்து வாங்கும் அளவுக்குத் தெரியும். அவ்வளவுதான். அதன்பிறகு ஒவ்வொரு ஜம்ப்புக்கும் 8 டாலர் கொடுத்து மடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். மடித்துத் தருபவர்கள் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், கச்சிதமாகவும் இருக்கும். ஆனால் என் முதுகில் இருக்கும் பைக்குள் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் உறுத்தியது.

முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும்: வழக்கமாகத் திறக்கும் மெயின், அது சரியாகத் திறக்காவிட்டால் உதவும் ரிசர்வ். அமெரிக்க விதிப்படி மெயினை ரிக்கர் மடிக்கலாம், ரிக்கரின் நேரடி மேற்பார்வையில் வேறொருவர் மடிக்கலாம், அல்லது அடுத்து அதைக் கட்டிக்கொண்டு குதிக்கப்போகும் ஆளே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வ் அப்படியில்லை. அதை ரிக்கர் மட்டும்தான் மடிக்க வேண்டும். 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, ஈய முத்திரை வைத்து, அட்டையில் தேதி எழுதித் தர வேண்டும். வகுப்பு இந்த வித்தியாசத்தில்தான் ஆரம்பித்தது. "ரிசர்வ் என் பொறுப்பு, மெயின் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, கேனபியை, அதாவது பாராசூட்டின் துணியை, தரையில் முழுசாக விரித்துப் போட்டார்.

முதல் மூன்று மணி நேரத்தில் எதையும் மடிக்கவே விடவில்லை. துணியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தைத்திருக்கும் இடங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். லைன்கள் என்ற கயிறுகள் ஒவ்வொன்றும் கேனபியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலால் பிடித்துக்கொண்டே நடக்கவைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா சின்னாளப்பட்டியில் தையல்கடை வைத்திருந்தவர். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத் தையலைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. இதில் லைன் துணியோடு சேரும் இடத்தில், ஜீன்ஸில் பெல்ட் வளையத்துக்குப் போடுவதைப்போல நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்தபோதுதான் இந்தத் துணிமேல் எனக்கு நம்பிக்கையே வந்தது.

அப்புறம் ஸ்லைடர். நான்கு மூலையிலும் உலோக வளையம் வைத்த ஒரு செவ்வகத் துணி, லைன்கள் அந்த வளையங்கள் வழியாகப் போகும். பார்த்தால் சாதாரணமாக இருக்கும். மணிக்கு 120 மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது கேனபி ஒரே அடியில் விரிந்தால் துணியும் கிழியும், நமக்கும் காயம் படும். ஸ்லைடர் காற்றின் அழுத்தத்தால் மேலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவதால்தான் நிதானமாகத் திறக்கிறது. அதனால் மடிக்கும்போது அது கீழே நழுவாமல், நான்கு வளையமும் துணியின் ஓரத்தில் உள்ள தடுப்புகளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். "மடிப்பு அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. லைன்கள் நடுவில் நேராக இருக்கட்டும், ஸ்லைடர் மேலே இருக்கட்டும், பிரேக் பூட்டியிருக்கட்டும், பைலட் சூட் தயாராக இருக்கட்டும்." இந்த நான்கையும் அன்றைக்குக் குறைந்தது இருபது தடவையாவது சொல்லியிருப்பார். பிரேக் என்பது கேனபியைத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் இழுக்கும் லைன்.

பைலட் சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கையால் இழுத்துக் காற்றில் வீசுகிற அந்தச் சின்னக் குடைதான் மெயினைப் பைக்குள்ளிருந்து வெளியே இழுக்கிறது. வேலை முடிந்ததும் பின்னால் இழுபட்டுக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காக, மெயின் திறக்கும்போது நடுவில் ஓடும் ஒரு கயிறு அதைத் தானாகச் சுருக்கிவிடும். அடுத்த ஜம்ப்புக்கு மடிக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டால், வீசிய பைலட் சூட் காற்றைப் பிடிக்காது, மெயின் வெளியே வராமல் போகலாம். சரியாக இழுத்திருக்கிறோமா என்று பார்க்க, இணைப்பு நாடாவில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் வண்ணக் குறி தெரிய வேண்டும். இப்போதும் அந்த வண்ணத்தைப் பார்த்து "பச்சை" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மேலே போகிறேன். பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்வேன்.

இரண்டாவது சனிக்கிழமை முழுக்க மடிப்புதான். லைன்களைத் தோளில் போட்டு, கேனபியைத் தொங்கவிட்டு, பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைப்பதைப்போல இரு பக்கமும் துணியை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். அதுவரை சுலபம். அதைத் தரையில் படுக்கவைத்துக் காற்றை வெளியேற்றி, பைக்குள் திணிக்கும் கட்டம்தான் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இப்போதைய மெயின் கேனபிகளில் பெரும்பாலானவற்றின் துணியில் காற்று புகவே புகாது. அதனால் உள்ளே மாட்டிய காற்று வெளியே போக வழி தேடிக்கொண்டே இருக்கும். புதுத் துணி என்றால் வழுக்கிக்கொண்டும் ஓடும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும். அவர் எனக்கு மட்டும் ஒரு யோசனை சொன்னார். என் உடல் எடை குறைவு, கையால் அமுக்குவதில் பயனில்லை. நெஞ்சை வைத்து மெதுவாகப் படுத்து, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்படாமல் காத்திருந்தால் காற்று தானாகப் போய்விடுகிறது. முதல் மடிப்புக்கு எனக்கு 55 நிமிடம் ஆனது. நான்காவதுக்கு 35. இன்றைக்கு 20 நிமிடத்தில் முடிக்கிறேன், அதற்குக் குறைவாக முயற்சி செய்வதில்லை.

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு குறை. லைன்களை மடக்கி மடக்கிப் பையில் உள்ள ரப்பர் வளையத்தில் மாட்டுவதைக் கடைசியில் கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டார். அந்த இடத்தில் இன்னும் அரைமணி நேரம் வேண்டும். என் ஐந்தாவது சொந்த மடிப்பில் கேனபி திறந்ததும் லைன்கள் மூன்று சுற்று முறுக்கிக்கொண்டன. 4,500 அடியில் திறந்திருந்தேன். லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டைகளான ரைசர்களை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காலை உதைத்துச் சுற்றி அவிழ்த்தேன். 3,500 அடிக்குள் நேராகிவிட்டது. மாணவர்களும் ஏ உரிமக்காரர்களும் மெயினை வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு ரிசர்வுக்குப் போவதா என்று முடிவு செய்யும் உயரம் 2,500 அடி. அதற்கு இன்னும் இடம் இருந்தது, ஆனாலும் எண்ணிக்கொண்டேதான் உதைத்தேன். இறங்கியதும் நேராக அவரிடம் போனேன். பணம் எதுவும் கேட்காமல் அரைமணி நேரம் என்னோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்க வளையம் தளர்வாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் மாட்டியிருக்கலாம், திறக்கும்போது என் ஒரு தோள் சாய்ந்தும் இருந்திருக்கலாம் என்று இரண்டையும் சொன்னார். நைந்துபோன ரப்பர் வளையங்களை அன்றே மாற்றினேன்.

இனி ரிக், அதாவது இரண்டு பாராசூட்டும் அவற்றை வைக்கும் பையும் சேர்ந்த முழு செட். இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் ஒரு தவறான பொருளை வாங்கியிருப்பேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் 135 சதுர அடிக் கேனபியோடு ஒரு செட்டைக் காட்டினார். வண்ணம் அழகு, விலையும் குறைவு. "சீக்கிரமே சின்னதுக்கு மாறப்போகிறீர்கள், இப்போதே வாங்கிவிடுங்கள்" என்றார். அப்போது எனக்கு 31 ஜம்ப். துணி, லைன், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து விமானத்திலிருந்து வெளியேறும் என் எடை 153 பவுண்டு. அதைக் கேனபியின் பரப்பான 135-ஆல் வகுத்தால் 1.13 வருகிறது, ஒரு சதுர அடி தாங்கும் பவுண்டு. புதியவர்களுக்கு 1.0-ஐத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. என்னைப்போல எடை குறைந்தவர்கள் இந்தக் கணக்கை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. கேனபி சின்னதானால் லைன்களும் குட்டையாகும், அதனால் ஒரே விகிதத்தில்கூடச் சின்னக் கேனபி சட்டென்று திரும்பும். இதை எனக்கு விளக்கியவரும் அந்த ரிக்கர்தான். கேட்காமல் பணம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

கடைசியில் வாங்கியது பர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் தயாரித்த சேபர் 2, 170 சதுர அடி, காற்று நிரம்பும் ஒன்பது அறை கொண்ட கேனபி. விகிதம் 0.9. சன் பாத் நிறுவனத்தின் ஜாவலின் கன்டெய்னர் (முதுகில் மாட்டும் பை), பர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் ரிசர்வ், 2018-ல் தயாரான சைப்ரஸ் 2 (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி). எல்லாம் பழையது, மொத்தம் 3,900 டாலர். வாடகை ரிக்குக்கு ஒவ்வொரு ஜம்ப்புக்கும் 30 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதோடு வைத்துப் பார்த்தால் 130 ஜம்ப்பில் கணக்கு சரியாகிவிடும். பணம் கொடுப்பதற்குமுன் ரிக்கரிடம் காட்டி முழுப் பரிசோதனை செய்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். லைன்களை அளந்து பார்த்தார். ஸ்பெக்ட்ரா என்ற இழையாலான லைன்கள் ஸ்லைடர் உரசும் சூட்டில் காலப்போக்கில் சுருங்கும், பிரேக் லைன்கள் முதலில் சுருங்கும். என்னுடையதில் பிரேக் லைன் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அதை விலையில் கழித்துக்கொண்டார்கள்.

சேபர் 2 எனக்குப் பிடித்திருக்கிறது. பிரேக் லைனின் கைப்பிடியான டாகிளை இழுத்தால் என்ன கேட்கிறோமோ அதைச் செய்கிறது. தரையிறங்கும்போது கடைசிவரை இழுத்தால் காலடி வைத்து நிற்க முடிகிறது. திறக்கும்போது சில சமயம் இடமோ வலமோ கொஞ்சம் திரும்பும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சைப்ரஸ், ஜெர்மனியின் ஏர்டெக் 1991-ல் கொண்டுவந்த கருவி. சுமார் 750 அடி உயரத்தில் இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் நூல் வளையத்தைத் தானே வெட்டிவிடும். 2018-இன் கருவிக்கு ஆயுள் 15.5 ஆண்டு, நடுவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பழையது வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஆயுள் முடிந்த கருவிக்கு விலையே கிடையாது. காலையில் பொத்தானை நான்கு தடவை அழுத்தி இயக்கினால் 14 மணி நேரம் ஓடும். நான் அதை இயக்கிவிட்டு, அது இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் குதிக்கிறேன்.

ஹெல்மெட், உயரமானி இரண்டும் புதிதாக வாங்கினேன். தலைக்குப் பொருந்துகிறதா, வெயிலில் எண் தெரிகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

போன மாதம் அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் ரிக்கைக் காட்டினேன். குதிப்பது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. "யாரும்மா இதை மடிக்கிறது?" என்று கேட்டார். "நான்தான்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். பட்டை மடங்கித் தைத்திருக்கும் இடத்தையும், தோள்பக்கம் இருக்கும் மூன்று வளையங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் அந்த மூன்று வளையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டு மெயினைக் கழற்றிவிடும் என்று விளக்கினேன். பில் பூத் கண்டுபிடித்தது என்றும் சொன்னேன். "நல்ல வேலைக்காரன்" என்றார். அந்தப் பட்டைகள் விறைத்துப்போகாமல் இருக்க மாதம் ஒருமுறை கழற்றி வளைத்துவிட வேண்டும் என்றேன். தேதி குறித்துக்கொண்டாயா என்று கேட்டார். குறித்திருக்கிறேன், முதல் ஞாயிறு.

வகுப்புக்குப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலை 8 மணிக்கே ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். முழங்காலுக்கு உறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரம் தரையில் தவழ வேண்டியிருக்கும். சொந்த ரிக் இல்லாவிட்டாலும் சேரலாம், பயிற்சிக்கென்று ஒன்று வைத்திருக்கிறார். லைன்களை ரப்பர் வளையத்தில் மாட்டும் இடம் வந்ததும், இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டுவார்.