ரொறன்ரோ மாநகரசபைச் சேவைகள்: 7 வருடப் பாவனைக்குப் பிறகு

2019 ஜனவரி. நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டு மாதம்தான். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர் குடும்பம். ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியும் மேலேதான். காலையில் வேலைக்குப் போகும்போது சூட்டைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் மூன்று வயது மகளும் பின்னேரம் வரைக்கும் ஜாக்கெட்டோடு போர்வைக்குள் இருப்போம். பூங்காவில் பழக்கமான ஒரு அக்காதான் சொன்னா: "திறீ வண் வண்ணுக்கு அடியுங்கோ, அது சிற்றியின்ர நம்பர். தமிழ் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அவை பாப்பினம்."

அடித்தேன். "தமிழ் பிளீஸ்" என்றதும் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு தமிழ்க் குரல்: "வணக்கம், நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே இங்கிலீசில சொல்லுவன், அவை சொல்லுறதைத் தமிழில சொல்லுவன்." முதல் கேள்வி, அறையில் எத்தனை பாகை காட்டுகிறது என்பது. என்னிடம் வெப்பமானியே இல்லை. "சரியான குளிர்" என்றேன். வாடகை வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது இங்கே மாநகரசபைச் சட்டம். அதனால் குளிர் என்று சொல்வதைவிட எண்ணைச் சொல்வதுதான் எடுபடும். அன்று பின்னேரமே ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, 16ஐக் காட்டியபோது போனில் படம் எடுத்துவைத்தேன். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் தந்திருந்தார்கள். அதைச் சொல்லித் திரும்ப அடித்தேன். அதிகாரி ஒருவர் வீட்டுக்காரரோடு பேசிய பிறகு சூடு வந்தது.

கூடவே வீட்டுக்காரரின் கோபமும் வந்தது. "இதுக்குப் போய் சிற்றிக்கு அடிப்பியளோ? எங்கட ஆக்களெல்லே நாங்கள்?" அந்த வசந்தத்திலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டோம். அனுமதி எடுக்காத பேஸ்மென்ட் என்றால் இப்படி ஒரு அழைப்பு வேறு சிக்கல்களையும் கிளப்பலாம். நல்லதை மட்டும் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவாது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனாலும் ஏழு வருடத்தில் நான் அதிகம் பாவித்தது இந்த 311தான். நாள் முழுவதும் திறந்திருக்கும். 180க்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பு உண்டு. நகரத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதால், தமிழ் கேட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கேட்கிறவருக்குத்தான் கூச்சம். இன்னொரு இலக்கமான 211ஐ இதோடு குழப்பவேண்டாம். குப்பை, வீதி, வீட்டுச் சூடு மாதிரி மாநகரசபை வேலைகளுக்கு 311. உணவு வங்கி, ஆலோசனை, தங்குமிடம் போன்ற சமூக உதவிகள் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டுவது 211.

இந்தக் குழப்பம் வரக் காரணம் இருக்கிறது. இங்கே அரசாங்கம் மூன்று அடுக்கு. குடிவரவு மத்திய அரசு. ஹெல்த் கார்ட் மாகாணம். நூலகம், நீச்சல் தடாகம், பொதுச் சுகாதாரப் பிரிவு, பிள்ளைப் பராமரிப்புக் கட்டணச் சலுகை எல்லாம் மாநகரசபை. எங்களுக்கு எல்லாமே "கவுண்மேந்து" என்ற ஒரே சொல். முதல் வருடம் முழுக்க ஒரு கவுண்டரில் இருந்து அடுத்த கவுண்டருக்கு நடந்தே போனது.

முதல் வருடத்தில் நாங்கள் விட்ட பெரிய பிழை வரிக் கணக்கு. 2018இல் ஒன்றரை மாதம்தானே இருந்தோம், உழைப்பும் இல்லை, என்னத்தைக் காட்டுவது என்று விட்டுவிட்டோம். கணக்குக் கொடுத்தால் திரும்பி வரும் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட் என்ற கடதாசியைத்தான் வருமானம் பார்த்துக் கொடுக்கும் சலுகைகளில் முக்கால்வாசி கேட்கின்றன. மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க வெல்கம் பொலிசி என்று ஒன்று உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநகரசபையின் பொழுதுபோக்கு வகுப்புக் கட்டணத்தை அது ஏற்கும். எங்கள் கையில் அந்தக் கடதாசி இல்லை. வேறு ஆவணம் தேடி அலைந்து விண்ணப்பம் போடவே பிந்திவிட்டது. ஒரு பருவம் போய்விட்டது. மகள் அந்தக் கோடையை இலவசமான திறந்தவெளித் தடாகத்தில் கரையைப் பிடித்துக்கொண்டே கழித்தாள்.

அடுத்த பருவம் அனுமதி கையில். பதிவு காலை 7 மணிக்கு. நான் மடிக்கணினியில், கணவர் போனில், வகுப்பு இலக்கங்கள் முதல் நாளே ஒரு தாளில். 7:04க்கு எங்களுக்கு ஒரு இடம் விழுந்தது. அடுத்த வரியிலிருந்த வகுப்பு அதற்குள் நிரம்பிவிட்டது. சலுகை கிடைப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக ஆயத்தப்படவேண்டும். வரிக் கணக்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் தொண்டர்கள் இலவசமாகச் செய்துகொடுக்கிறார்கள். ஏப்ரல் 30க்கு முன் போகவேண்டும், அவ்வளவுதான்.

வருமானம் குறைந்தவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தைக் குறைக்க ஃபெயார் பாஸ் உண்டு. 2018இல் தொடங்கியபோது சமூக உதவிப்பணம் பெறுபவர்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு படிப்படியாக விரித்தார்கள். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரீரீசி என்கிற நகரப் போக்குவரத்து எப்படியும் இலவசம். பிள்ளைப் பராமரிப்புச் சலுகைக்குக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. வேலை கிடைத்த பிறகு பார்ப்போம் என்று இருக்காமல் முதலே பெயரைக் கொடுங்கள்.

நூலகத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். நகரம் முழுக்க 100 கிளைகள். அட்டை எடுக்கப் பெயரும் விலாசமும் உள்ள அத்தாட்சி போதும், விசா என்ன வகை என்று கேட்பதில்லை. ஸ்காபரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகத் தட்டுகள் இருக்கின்றன. அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதி எடுக்கலாம், ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டத்தில் உட்காரலாம். புத்தகம் பிந்தினால் தண்டப்பணம் என்பதை 2022இல் எடுத்தேவிட்டார்கள். எல்லாவற்றிலும் பெரிது, சில கிளைகளில் குடியேறிகளுக்கென்றே ஒரு ஆலோசகர் மேசை போட்டு இருப்பார். படிவம், பாடசாலை, வேலை என்று எதையும் கேட்கலாம். இலவசம். நான் இதை அறிந்தது வந்து எட்டாம் மாதம், மழைக்கு ஒதுங்கிப் போனபோது.

அந்த ஆலோசகர்தான் லிங்க் கிளாசைப் பற்றிச் சரியாகச் சொன்னா. மத்திய அரசு காசு போடும் ஆங்கில வகுப்பு, நிரந்தர வதிவிடக்காரருக்கும் அகதியாக ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் மட்டும். சிட்டிசன் ஆனதும் கதவு சாத்தப்படும். என் கணவர் பிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போட்டு அப்படித்தான் மாட்டினார். இப்போது பாடசாலைச் சபை நடத்தும் ஈஎஸ்எல் வகுப்புக்குப் போகிறார். நான் போன இடத்தில் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார்கள், அதனால் படித்து முடித்தேன்.

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒரு தோழி பயத்தில் பொதுச் சுகாதார மருத்துவ நிலையத்துக்குக்கூடப் போகாமல் இருந்தா. குடிவரவு நிலை எதுவானாலும் மாநகரசபைச் சேவையைப் பயமில்லாமல் பெறலாம் என்று நகரசபை 2013இலேயே தீர்மானம் எடுத்திருக்கிறது. ஆனால் அது மாநகரசபையின் சேவைகளுக்கு. மாகாண, மத்திய அரசுச் சலுகைகள் நிலையைப் பார்க்கும். அதைப் புரியவைத்த பிறகுதான் அவ வெளியே இறங்கினா.

இவ்வளவு கொடுக்கும் நகரத்தில் வாக்கு மட்டும் கிடையாது. சிட்டிசன் ஆகும்வரை மாநகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. நிரந்தர வதிவிடக்காரருக்கும் வாக்குக் கொடுங்கள் என்று நகரசபை 2013இல் மாகாணத்திடம் கேட்டது. இன்றுவரை மாறவில்லை. வீட்டு வாடகையோடு சேர்த்துச் சொத்துவரியும் எங்கள் கையால்தான் போகிறது என்பது எனக்கு இன்னும் உறுத்தும். எங்களுக்கு 2023இல் குடியுரிமை கிடைத்தது. அந்த ஜூன் 26 மேயர் இடைத்தேர்தலில் 102 பேர் போட்டி. வாக்குச்சீட்டை விரித்துப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. வென்றவர் ஒலிவியா சௌ, 13 வயதில் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்.

போன வருடம் மாமி சுப்பர் விசாவில் வந்தா, பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கக் கொடுக்கும் விசா அது. வந்த மூன்றாம் கிழமையே நூலக அட்டை எடுத்துவிட்டா. போன மாதம் றக்கூன் ஒன்று சாப்பாட்டுக் கழிவு போடும் எங்கள் பச்சைத் தொட்டியின் மூடியை உடைத்துவிட்டது. நான் வேலையால் வர, மாமி போனோடு சமையலறையில் நிற்கிறா. உரைபெயர்ப்பாளருக்கு றக்கூன் எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தப் பக்கத்தால் போனது, தான் யன்னலில் தட்டியும் அது அசையவே இல்லை என்பது வரை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்து, என்னைப் பார்த்து, "இலக்கம் தருவினமாம், பேனையை எடு பிள்ளை" என்றா.