நான்காம் வாரத்துக்காகவே சேரலாம்: ஓர் இணையவழிப் பயிற்சி பற்றி

கணக்குப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் பில் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். “வலுப்படுத்தப்படும்”, “ஊக்குவிக்கப்படும்” என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்த எந்தக் கோப்புக்கும் பணம் விடுவித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு பெண்கள் அமைப்பின் வரவுசெலவைக் கவனித்துக்கொள்கிறேன். அவர்கள்தான் என்னை இந்தப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். பெண்கள், அமைதி, பாதுகாப்பு தொடர்பான சர்வதேச உறுதிமொழிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் பாடம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு. நடத்தியவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

முதல் வாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. இந்த உறுதிமொழிகளுக்கெல்லாம் அடிப்படையான ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1325ஆம் தீர்மானத்தை அப்படியே கையில் கொடுத்து, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னார் பயிற்றுநர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, மன்றத்துக்கு நமீபியா தலைமை வகித்த மாதத்தில் நிறைவேறிய தீர்மானம். 18 பத்திகள். வலியுறுத்துகிறது, அழைப்பு விடுக்கிறது, ஊக்குவிக்கிறது, கேட்டுக்கொள்கிறது. ஒரு பத்தியிலும் தொகை இல்லை, கெடு இல்லை. கடைசிப் பத்தி, இவ்விஷயத்தைத் தொடர்ந்து கவனத்தில் வைத்திருக்க மன்றம் தீர்மானிப்பதாகச் சொல்கிறது. “கோப்பு நிலுவையில் உள்ளது” என்பதை இவ்வளவு மரியாதையாக எழுதி நான் பார்த்ததில்லை.

நான் சிரித்ததைப் பயிற்றுநர் கவனித்துவிட்டார். தீர்மானத்தை எப்படி நிறைவேற்றுவது என்று ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ளும் தேசியச் செயல்திட்டம் என்ற யோசனையே இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் என்றார். தீர்மானத்தில் அந்தச் சொல் கிடையாது. 2004இல் மன்றத் தலைவரின் அறிக்கை ஒன்று நாடுகளை அதற்கு ஊக்குவித்தது. அடுத்த ஆண்டே டென்மார்க் முதல் திட்டத்தை வெளியிட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் இருக்கிறது. அவற்றில் எத்தனைக்குப் பக்கத்தில் பணம் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “நான்காம் வாரம் வரை பொறுங்கள்” என்றார்.

இரண்டாம் வாரம் வீண். 2008இன் 1820 தொடங்கி 2019இன் 2493 வரை, பின்னால் வந்த ஒன்பது தீர்மானங்களையும் ஒரே வகுப்பில் படம்படமாகத் தள்ளினார்கள். பள்ளியில் அரசர்களின் ஆட்சியாண்டுகளை ஒப்பித்த நினைவுதான் வந்தது. ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்: 2009இன் 1889ஆம் தீர்மானம்தான் எண்ணிப் பார்க்கக்கூடிய குறிகாட்டிகள் வேண்டும் என்று கேட்டது. அடுத்த ஆண்டு 26 குறிகாட்டிகள் வந்தன. கணக்கு தெரிந்த யாரோ ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் பேச்சுவார்த்தை நடிப்பு. அதற்கு முன் ஓர் அட்டவணை காட்டினார்கள். 1992 முதல் 2011 வரையிலான 31 பெரிய அமைதிப் பேச்சுகளை ஆராய்ந்ததில், கையெழுத்திட்டவர்களில் பெண்கள் 4 விழுக்காடு, தலைமை மத்தியஸ்தர்களில் 2.4, பேச்சுவார்த்தையாளர்களில் 9. பிறகு 2014இல் பிலிப்பைன்ஸ் அரசின் தலைமைப் பேச்சுவார்த்தையாளராக, அந்நாட்டின் தெற்கே போராடிய முஸ்லிம் கிளர்ச்சிக் குழுவுடனான பங்சமோரோ அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்ட மிரியம் கொரோனெல்-ஃபெரரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். இன்னும் பேசியிருக்கலாம்.

நடிப்பில் எனக்கு அரசுத் தரப்புத் தலைவர் வேடம். ஆயுதக் குழுவாக மூன்று பேர். பெண்கள் குழுவாக இருவர். அவர்களுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் உணவு இடைவேளைக்கு முன்னால். காணாமல் போனவர்களின் பட்டியலை வெளியிட வேண்டும், கணவர் பெயரில் இருந்த நிலத்தை மனைவி பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ் கேட்கக் கூடாது என்றார்கள். பழக்கதோஷம், உடனே கேட்டேன்: “இதை எந்தத் துறை செய்யும்? எந்தத் தலைப்பில் செலவு?” அவர்களிடம் பதில் இல்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். ஆயுதக் குழு கேட்ட மாதப்படி, வீடு, வேலை எதற்கும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வகுப்பில் சொன்னேன். “பெரும்பாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள், ஆனால் அரசுத் தரப்பாக நடித்தவர் சொல்வது அபூர்வம்” என்றார் பயிற்றுநர். பாராட்டா திட்டா தெரியவில்லை.

இனி நான்காம் வாரம். கற்பனை நாடு ஒன்றின் செயல்திட்டத்தில் ஒரு வரி கொடுத்தார்கள்: “காவல்துறையில் பெண்களின் பங்கேற்பு அதிகரிக்கப்படும்.” கூடவே ஓர் எக்செல் தாள். செயல், பொறுப்பான அலுவலகம், முடிக்க வேண்டிய நாள், தொகை, பணம் வரும் வழி, குறிகாட்டி என்று ஆறு நெடுவரிசைகள். எங்கள் குழு அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டது: ஆள்சேர்ப்பு விளம்பரம், பயிற்சி, விழிப்புணர்வுக் கூட்டம். திரும்பி வந்த தாள் முழுக்கச் சிவப்பு. தங்குமிடம் எங்கே? கழிவறை? ஆணுக்கு வெட்டிய அளவில்தான் குண்டு துளைக்காத மேலங்கியா? பயிற்சிக்கு வருபவளின் கைக்குழந்தையை யார் பார்ப்பது? சேர்ந்தவர் இரண்டே ஆண்டில் விலகினால் குறிகாட்டி அதைக் காட்டுமா, சேர்ந்த கணக்கை மட்டும் காட்டுமா? மூன்று முறை திருத்தினோம். மூன்று வரியாக இருந்தது பத்தொன்பது வரியாயிற்று. விழிப்புணர்வுக் கூட்டத்தை நானே வெட்டினேன்.

அதே வாரம் நேபாளத்தைப் பற்றி ஒரு மணி நேரம். தெற்காசியாவில் முதல் செயல்திட்டம் அவர்களுடையது, 2011இல் வந்தது. உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்டோருக்கான இடைக்கால நிவாரணமோ தனி ஏற்பாடு. கொல்லப்பட்டவர் குடும்பம், காணாமல் போனவர் குடும்பம், காயமுற்றவர், இடம்பெயர்ந்தவர் என்று வகைகள் இருந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்ற வகை இல்லை. வகை இல்லையென்றால் விண்ணப்பம் இல்லை, விண்ணப்பம் இல்லையென்றால் பணம் இல்லை. எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. “தலைப்பு பொருந்தவில்லை” என்று எழுதி எத்தனை மனுக்களைத் திருப்பியிருக்கிறேன்! அன்று வகுப்பில் நான் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரம் கண்காணிப்பு. இரண்டு மணி நேரப் பாடத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்தார்கள். தணிக்கை, நாடாளுமன்றக் குழு, பெண்கள் அமைப்புகள் தனியாக எழுதும் நிழல் அறிக்கை, எல்லாமே பெயரளவில் வந்து போயின. செயல்திட்டத்தின் காலம் முடிந்து அடுத்தது வராத இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யாரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்விக்கு, “நல்ல கேள்வி” என்பதுதான் விடை. ஆறாம் வாரம் குழு விளக்கங்கள், சான்றிதழ், புகைப்படம்.

தமிழில் பாடக்குறிப்பு இல்லை என்பது இன்னொரு குறை. எங்கள் அமைப்பிலேயே “ஜெண்டர்” என்ற சொல்லை ஒரு சாரார் பாலினம் என்பார்கள், இன்னொரு சாரார் பால்நிலை என்பார்கள். தீர்மானத்தின் வாசகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அரை நாள் இந்தச் சண்டையில் போய்விடுகிறது.

தீர்மானங்களின் வரலாறு மட்டும் வேண்டுவோர் சேர வேண்டாம். அது இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. திட்டம் எழுதுகிற, அதற்குப் பணம் கேட்கிற, கேட்டவருக்கு இல்லை என்று சொல்கிற இடத்தில் இருப்பவர்கள் நான்காம் வாரத்துக்காகச் சேரலாம். என்னைப் போன்ற கணக்குக்காரர்களைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அந்த எக்செல் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டுத்தொகைச் சூத்திரம் பன்னிரண்டாம் வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே சேர்த்த எதுவும் மொத்தத்தில் ஏறாது. எங்கள் தாளில் குழந்தைப் பராமரிப்பு பதினான்காம் வரி, கண்காணிப்பு பத்தொன்பதாம் வரி. திருத்திய தாளை அவர்களுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கிடைத்தது என்று பதில் வந்தது. இணையதளத்தில் இன்னும் பழைய தாள்தான் இருக்கிறது.