எஞ்சினோடு ஒன்றரை வருடம், பயிற்சியாளரோடு ஒன்றரை வருடம்

செஸ்ஸை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு ஆசிரியர் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவையே டீப் ப்ளூ என்ற கணினி தோற்கடித்துவிட்டது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், செல்போனிலேயே இலவசமாக ஓடுகிறது, எந்த உலக சாம்பியனைவிடவும் பலமாக ஆடுகிறது. இதற்கு மேல் யாரிடம் கற்பது?

ஒன்றரை வருடம் அப்படியே போனது. தோற்ற ஆட்டத்தை எஞ்சினில் போடுவேன். 23ஆம் நகர்த்தலில் சிவப்புக் குறி வரும், சரியான நகர்த்தலையும் காட்டும். ‘ஓ, சரி’ என்று மூடிவிடுவேன். அடுத்த வாரம் அதே மாதிரித் தவறு, வேறொரு கட்டத்தில். காரணம் கேட்கலாம் என்று சாட்பாட்டிடம் போனால், பலகையில் இல்லாத குதிரையை வைத்து அழகாக விளக்கம் சொன்னது.

அப்புறம்தான் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். முதல் வகுப்பில் அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. தோற்ற ஆறு ஆட்டங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, “எதிராளி ஒரு காயை வெட்டின உடனே உங்க கை போயிடுது சார். அங்க மட்டும் நீங்க யோசிக்கறதே இல்ல” என்றார். நேரக் கணக்கைப் பார்த்தேன். ஆறு ஆட்டத்திலும் அந்த இடத்தில் ஐந்து விநாடிக்குள் ஆடியிருந்தேன். எஞ்சின் என் நகர்த்தலைத்தான் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார்.

யாராவது வெட்டினால், ஆடப்போவதைத் தாளில் எழுதிவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும் என்றார். (பயிற்சியில் மட்டும்தான். முன்கூட்டி எழுதுவதை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி போட்டியில் அனுமதிக்காது.) மூன்று மாதத்தில் யோசிக்காமல் ஆடும் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

இன்னொன்று, யானை முடிவாட்டங்கள், அதாவது காய்கள் குறைந்து யானைகள் மிஞ்சும் கடைசிக் கட்டம். எஞ்சின் 0.00 என்று காட்டினால் சமநிலை என்று விட்டுவிடுவேன். அவர் விடமாட்டார். “இதுல யாரா இருக்க உங்களுக்கு இஷ்டம்?” என்று கேட்பார். ஒரு பக்கத்துக்காரர் எதை ஆடினாலும் பெரிய ஆபத்து இல்லை. எதிர்ப்பக்கத்துக்காரரோ ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தாக வேண்டும். களைத்துப்போன மனிதருக்கு அது சமநிலையே இல்லை. அந்த வித்தியாசம் 0.00 என்ற எண்ணில் தெரியாது.

2024இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷுக்கு, சிறு வயதில் விஷ்ணு பிரசன்னா நீண்ட காலம் எஞ்சின் இல்லாமலே பயிற்சி கொடுத்தார். ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. விடை முன்னாலேயே தெரிந்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைப்பார். சிக்கலான வெட்டுக்குத்தில் அவர் கணக்கும் தப்பும். இரண்டு முறை எஞ்சின்தான் திருத்தியது, அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அதனால் எஞ்சினை நான் விடவில்லை, வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன். முதலில் என் யோசனையை எழுதி வைப்பேன், அடுத்து அவரோடு பேசுவேன், கடைசியில்தான் எஞ்சின்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டிய ஓர் ஆட்டத்தைத் தோற்றேன். இன்னும் எஞ்சினில் போடவில்லை. வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது.