முடிவைத் தம்மிடம் வைத்திருக்கும் தலைவரா, பகிர்ந்தளிப்பவரா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பலவற்றைப் போல, கொள்முதல் முதல் கூலி வரை முதலாளியே தீர்மானிக்கும் இடத்தில் முடிவுகள் விரைவாகப் பிறக்கின்றன. பணமுடை போன்ற நெருக்கடியில் அந்த வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் அவர் இல்லாத நாளில் வேலை தேங்குகிறது, கெட்ட செய்தியும் அவரை எட்டுவதில்லை. பின்னதே பெரிய ஆபத்து.

பகிர்ந்தளிக்கும் தலைமையில் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும். சென்னை பாடியில் இயங்கிய வாகன உதிரிபாக நிறுவனமான சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. அப்பரிசு எடைபோடும் முழுமைத் தர மேலாண்மையில், இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியே குறையைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, திருத்தத்தை முன்மொழிகிறார். இதனால் தலைவரின் பொறுப்பு குறைந்துவிடாது (பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்): இலக்கும் வரம்பும் அவருடையவை, வழிமுறை குழுவினுடையது. சிறு பட்டறைக்கு முதல் முறையே போதும். இரவு ஷிப்ட் தொடங்கிய நிறுவனத்துக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.