மாமி இருக்கிற கெயார் ஹோமும் டோல்ஸ் பேப்பரும்: என்ர ரிவியூ

மாமிக்கு டிமென்ஷியா (மறதி வருத்தம்), லண்டன் கரையில ஒரு கெயார் ஹோமில இருக்கிறா, பேர் போடேல்லை. முன் கதவு நம்பர் அடிச்சாத்தான் திறக்கும், அந்த நம்பர் மாமிக்குத் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில சென்சர் மேட், காலை வைச்சா உடன ஆள் வந்திடும். சாப்பாடு, துப்புரவு, மருந்து ஒண்டிலயும் குறை சொல்லேலாது. ஆனா நான் முக்கியமாப் பார்த்தது, தனக்கு எது வேணும் எண்டு யோசிச்சு முடிவெடுக்க ஏலாத ஒராளை இப்பிடிப் பூட்டின கதவுக்குள்ள வைச்சிருக்கிறதுக்குச் சட்டப்படி அனுமதி கேட்டவையோ எண்டதைத்தான்.

இங்கிலாந்து, வேல்ஸில இதுக்கு டோல்ஸ் (DoLS, Deprivation of Liberty Safeguards) எண்டு, இப்பிடி ஒராளின்ர சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த முதல் அனுமதி எடுக்கிற ஒரு நடைமுறை, 2009 ஏப்ரலில இருந்து இருக்கு. ஓட்டிசம் உள்ள, வாய் பேச ஏலாத ஒராளை ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா வைச்சிருந்து, எதிர்க்கேல்லைத்தானே எண்டு சொல்லி, பராமரிச்ச குடும்பத்தைக்கூடக் கொஞ்சக் காலம் பார்க்க விடாம வைச்ச கேஸ் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2004ல தீர்ப்பு வந்த பிறகுதான் இதைக் கொண்டு வந்தவை. 2014ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாச் சொல்லிச்சுது: எப்பவும் கண்காணிப்பில, கட்டுப்பாட்டில இருக்கிறாவோ, விட்டுட்டுப் போக விடுவினமோ, இதுதான் கேள்வி. ஆள் சந்தோசமா இருக்கிறா எண்டுறது கணக்கில்லை.

ஹோம் மனேஜர் மாமி வந்த உடனயே, இந்த அனுமதியைக் குடுக்கிற உள்ளூர் கவுன்சிலுக்கு அப்ளை பண்ணினவா, அவசரத்துக்குத் தாங்களே போடுற 7 நாள் அனுமதியையும் போட்டு என்னட்டை வடிவா விளங்கப்படுத்தினவா, அதுக்கு முழு மார்க். கவுன்சில்தான் இழுத்தது. சாதாரணமா 21 நாளில, அவசர அனுமதி போட்டிருந்தா அது முடியமுதல் முடிக்கவேணும் எண்டு சட்டம், எங்களுக்கு மாசக்கணக்காப் போட்டுது. வருசத்துக்கு 3 லட்சத்துக்கு மேல அப்ளிகேசன் போகுது, 1 லட்சத்துக்கு மேல தேங்கிக் கிடந்திருக்கு, எண்டாலும் அந்த இடைப்பட்ட காலத்தில ஒரு மனுசி அனுமதியே இல்லாமப் பூட்டின கதவுக்குள்ள இருக்கிறா, அதை என்னால ஏற்கேலாது.

கடைசியில மாமியைப் பார்த்து மதிப்பிடக் கவுன்சில் அனுப்பின அசெஸர் நல்ல மனுசி. மாமி இங்கிலீஷை மறந்திட்டா எண்டு மனேஜர் முதலே எழுதினபடியா தமிழ் மொழிபெயர்ப்பாளரோட வந்தவா, என்னை மொழிபெயர்க்க விடேல்லை, அதுதான் சரி. கதிரையை மாமிக்கு நேர போட்டு இருந்து, "இந்தக் கதவால வெளிய போனா எங்க போவியள்?" எண்டு கேட்டவா. "கொக்குவிலுக்கு, பஸ் பிடிச்சு" எண்டா மாமி, அது யாழ்ப்பாணத்தில இருக்கிற ஊர். றோட்டில கார் வந்தா என்ன செய்வியள் எண்டதுக்குப் பதில் இல்லை. பேந்து இஞ்ச என்ன குறை எண்டு கேக்க, "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேலாமக் கிடக்கு" எண்டா. அனுமதி வரேக்க அதையே நிபந்தனையாப் போட்டிருக்கு, ஹோம் மாமியைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு. இப்ப போறா.

என்னைத்தான் மாமிக்குப் பிரதிநிதியாப் போட்டிருக்கு. இந்த அனுமதி பிழை எண்டு பட்டா தனக்கெண்டு முடிவெடுக்க ஏலாத ஆக்களின்ர விசயங்களைப் பார்க்கிற கோர்ட் ஒஃப் புரொட்டெக்சனுக்குப் போகலாம், வருமானம் பார்க்காமலே லீகல் எயிட் (வழக்குச் செலவுக்கு அரசாங்க உதவி) கிடைக்கும். கன தமிழ் ஆக்களுக்கு இது தெரியாது, ஹோம் தாற பேப்பரில கையெழுத்து வைச்சா எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்கினம்.

ஹோமுக்கு 5க்கு 4½. கவுன்சிலுக்கு 2, அதுவும் அந்த அசெஸருக்காக. ஹோம் தேடுறவை, டோல்ஸ் அப்ளை பண்ணினவையோ, மொழிபெயர்ப்பாளர் கேட்டவையோ எண்டு முதல் நாளே கேளுங்கோ, அனுமதிப் பேப்பரில ஒரு கொப்பியும் வாங்கி வையுங்கோ. கூடினது 12 மாசத்துக்குத்தான் குடுப்பினம், முடியமுதல் ஹோம் திரும்ப அப்ளை பண்ணவேணும்.