பெருமாள் கோவில் தெருவில் ஒரு பழைய வீடு: புதுச்சேரி மெசோன் பெருமாள் விடுதி குறித்த மதிப்பீடு

புதுச்சேரிக்குச் செல்வோரில் பலர் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில், பெருமாள் கோவில் தெருவில், நூறாண்டைக் கடந்த குடும்ப வீடு ஒன்றைக் கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் நிறுவனம் பத்து அறைகள் கொண்ட 'மெசோன் பெருமாள்' என்னும் விடுதியாக மாற்றி நடத்திவருகிறது. பழைய வீடுகள் தொழிலுக்குப் பயன்படும்போது அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதில் எனக்கு நெடுநாளாக அக்கறை உண்டு. ஆகவே படுக்கை, உணவு, உபசரிப்பு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, வீட்டை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதையே இங்கு விரிவாகப் பேச விரும்புகிறேன்.

புதுச்சேரியின் தமிழ் வீடுகளுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, வேலைப்பாடு மிக்க நிலைக்கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்று தரைத்தளம் முழுவதும் நம் ஊர் வீடாகவே இருக்கும். மாடியிலோ வளைந்த சன்னல்கள், சுவரிலிருந்து புடைத்த அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரில் சுதை உருளைகள் என்று பிரெஞ்சுக் கட்டடக்கலையின் சாயல் தெரியும். இந்த இரட்டைத் தன்மை வேறு ஊர்களில் காண்பதற்கு அரிது.

மெசோன் பெருமாளில் முதலில் மனத்தைக் கவர்வது முன்முற்றம். நான்கு பக்கமும் தூண்கள் நிற்க, மேலே மாடி நடை சுற்றிவர, நடுவில் வெளிச்சம் நேராகத் தரையில் இறங்குகிறது. நண்பகலில் அந்த வெளிச்சம் தூணுக்குத் தூண் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தூணைத் தொட்டுப் பார்த்தால், வழவழப்பான புதுப் பூச்சுக்கு அடியில் பழைய மரத்தின் சிறு வெடிப்புகளும் உளித் தடங்களும் விரலுக்குப் படுகின்றன. அவற்றை மக்கு வைத்து அடைத்து மறைக்காமல் விட்டதற்காகவே இந்த வேலையைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

வணிகக் கணக்கில் பார்த்தால் முற்றம் என்பது வாடகை தராத இடம். விடுதியாக மாற்றப்படும் பழைய வீடுகளில் முதலில் பலியாவதும் அதுதான். இதே ஊரில் வேறொரு பழைய வீட்டு விடுதியில், பெயர் வேண்டாம், முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடி, கீழே வரவேற்பு மேசையையும் குளிர்சாதனத்தையும் வைத்திருந்தார்கள். அதன் விளைவாக மேலே ஏறி வெளியேற வேண்டிய வெக்கை வீட்டுக்குள்ளேயே தங்கி, மாடி அறைகள் பிற்பகலில் அடுப்படியாகக் கொதித்தன. முற்றம் என்பது அந்த வீட்டின் மூச்சு என்பதை உணராமல் செய்த வேலை அது. மெசோன் பெருமாளில் முற்றங்களை முற்றங்களாகவே விட்டு, அவற்றைச் சுற்றிப் பத்தே அறைகளோடு நிறுத்திக்கொண்டது பெரிய முடிவு என்றே நான் கருதுகிறேன். தொழிலுக்காக வீட்டை வளைக்காமல், வீட்டுக்கு ஏற்பத் தொழிலின் அளவை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய மாற்றத்தில் உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியும் தூண்களில் இல்லை, குளியலறைகளில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கழிப்பறையும் கிணறும் கொல்லைப்புறத்தோடு நின்றுவிட்டன. இன்றைய விருந்தினருக்கோ ஒவ்வொரு அறையிலும் வெந்நீரோடு குளியலறை வேண்டும். பழைய வீடுகளின் மாடித்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது: தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டத்தில் விளிம்பில் நிற்கவைத்துப் பதித்து, செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவுவார்கள். இத்தளம் பல தலைமுறைகளைத் தாங்கும். ஆனால் ஓயாத நீர்க்கசிவைத் தாங்காது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால், மரம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். ஆகையால் பழைய வீட்டில் தங்கச் செல்லும்போது குளியலறைக்குக் கீழ்வரும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். இங்கே என் கண்ணில் பட்டவரை ஈரத்தடமோ உப்புப் பூப்போ இல்லை.

பழைய வீடுகளின் சுவர்களையும் குறிப்பிட வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்பு பூத்து, சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பிறகு "பழைய கட்டடம் தாங்காது" என்று அதன் மீதே பழி போட்டு இடிக்கத் தொடங்குவார்கள். எத்தனையோ நல்ல வீடுகளை நாம் இப்படித்தான் இழந்தோம் என்பதை ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன்.

உணவுக்கூடம் உள்முற்றத்தில் அமைந்திருக்கிறது. அன்று சந்தையில் கிடைத்த மீனையும் காய்கறியையும் வைத்து உணவை முடிவு செய்கிறார்கள். அதனால் நீண்ட பட்டியலை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மீன் குழம்பில் புளி அளவாக நின்றது. தங்காதவர்களும் முன்பே சொல்லி வைத்துவிட்டுச் சாப்பிட வரலாம் என்பதால், வீட்டைப் பார்க்க விரும்புவோருக்கு அது எளிய வழி. அறைகள் தூய்மையானவை, பணியாளர்கள் மரியாதையானவர்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. முற்றம் வைத்த வீட்டில் ஒலிக்கு மறைவில்லை. கீழே பேசுவது மாடி நடை வரை கேட்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தங்க வேண்டும். மாடிப்படி ஏற இயலாத முதியவர்களுடன் செல்வோர் எந்தத் தளத்தில் அறை கிடைக்கும் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தெரு நெரிசலானது; மகிழுந்தைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதே நிம்மதி. கட்டணம் சாதாரணக் குடும்பத்திற்கு ஒரு விசேஷச் செலவுதான். நீச்சல் குளமும் தொலைக்காட்சியும் தேடுபவர்கள் இந்தப் பணத்திற்கு வேறிடத்தில் கூடுதல் வசதி பெறுவார்கள்.

தங்குபவர்கள் ஒரு மாலையை ஒதுக்கி வைசியாள் தெருவுக்கு நடந்து சென்று வரவேண்டும். மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் வழிகாட்டுதலோடும், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களின் பங்களிப்போடும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா உர்ப்ஸ்' திட்டத்தில் அத்தெரு வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அம்முயற்சி அங்கீகாரம் பெற்றது. திண்ணைகள் தொடர்ந்து வரிசையாக நிற்கும்போது ஒரு தெரு எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே காணலாம். வார இறுதியில் சென்னைக் கூட்டம் நிரம்பிவிடுவதால், வார நாளில் பதிவு செய்தால் வீட்டையும் தெருவையும் அமைதியாகப் பார்க்க முடியும்.