கேம்பர் பிளேட்: சாலைக் காரை டிராக்கில் ஓட்டுபவர்களுக்காக ஒரு மதிப்பீடு

சாலைப் பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்ட முன்சக்கர இயக்கக் காரைப் பந்தய டிராக்கில் வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, முன் டயர்களைக் குனிந்து பார்த்தால், வெளி ஓரம் மட்டும் உருண்டு, ரப்பர் சுருள் சுருளாகப் பெயர்ந்திருக்கும்; உள்பாதி ஏறக்குறைய புதிது போலவே இருக்கும். இதற்கு டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) பொருத்திய காரில், வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் அதோடு சேர்ந்து வெளிநோக்கிச் சாய்கிறது. சஸ்பென்ஷன் அழுந்துவதால் கிடைக்கும் சிறிதளவு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்; கழித்தல் குறியோடு எழுதுவார்கள்) அந்தச் சாய்வை ஈடுகட்டப் போதாது. ஆகவே, கார் நிற்கும்போதே சக்கரத்தின் மேற்பகுதியைக் கூடுதலாக உள்ளே சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கென்றே விற்கப்படும் பாகம்தான் கேம்பர் பிளேட். ஒரு ஜோடி முன் டயர்கள் முழுவதும் தேயும் வரை அதைச் சாலையிலும் டிராக்கிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

ஸ்ட்ரட்டின் மேல்முனை உடலோடு சேரும் இடத்தில் தொழிற்சாலை வைக்கும் ரப்பர் மவுன்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தத் தகட்டைப் பொருத்துகிறார்கள். நான் பொருத்தியது அலுமினியத்தில் கடைந்தெடுத்தது. நடுவில் கோள வடிவ பேரிங், அதைச் சுற்றி நீள்துளைகளில் நகரும் நான்கு ஆலன் போல்ட்டுகள், ஓரத்தில் செதுக்கிய அளவுகோடுகள். பானெட்டைத் திறந்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினால், ஸ்ட்ரட்டின் தலையைக் கையாலேயே உள்ளே தள்ளலாம். அலுமினியத்தின் மேல் அது நகரும்போது தடையோ தளர்ச்சியோ தெரியவில்லை. கடைசல் வேலை உண்மையிலேயே நேர்த்தியானது. தொழிற்சாலை அமைப்பில் -0.6 டிகிரி அளவில் இருந்த என் காரின் முன் கேம்பர், இந்தத் தகட்டால் -2.7 வரை சென்றது. ரப்பரின் நெகிழ்வு இல்லாமல் போனதால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்திலேயே சக்கரம் பதில் தருகிறது. இந்த மாற்றம் கேம்பரால் வருவதல்ல, பேரிங்கால் வருவது என்பதை வாங்குபவர்கள் பிரித்து உணர வேண்டும்.

இதைவிட மலிவான வழி, ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி சக்கர அச்சுக்கூட்டோடு சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போடுவது. அது சக்கரத்தை மட்டும் சாய்க்கிறது; அதனால் டயரின் உள்பக்கம் ஸ்ட்ரட்டை நெருங்குகிறது, அகலமான டயர் போட்டவர்களுக்கு அங்கே உரசும். பிளேட்டில் ஸ்ட்ரட்டும் சக்கரமும் ஒன்றாகச் சாய்வதால் அந்த இடைவெளி குறைவதில்லை. பிளேட் தரப்பில் எனக்கு மிக வலுவாகப் படும் வாதம் இதுதான். ஆனால் ஸ்ட்ரட்டின் தலை உள்ளே போகும்போது ஸ்பிரிங்கின் மேல்வளையம் உடலின் உட்சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். தொழிற்சாலையின் பெரிய விட்டமுள்ள ஸ்பிரிங்கை வைத்திருப்பவர்களுக்கு, தகடு தரும் முழு அளவும் கிடைக்காமல் போகலாம்.

விளம்பரங்கள் மிகக் குறைவாகப் பேசும் விஷயம் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். ஸ்ட்ரட்டின் தலை நகரும்போது சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கையும் நகரப் பார்க்கிறது, ஆனால் அதை ஸ்டீயரிங் ராக்கோடு இணைக்கும் டை ராடின் நீளம் மாறாததால் அது பிடித்து நிறுத்தப்பட்டு, சக்கரம் திரும்பிவிடுகிறது. ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் தண்டு) சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பும். இதைக் கவனிக்காமல் டிராக்குக்கு வந்து பிளேட்டை உள்ளே தள்ளிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. கேம்பர் டயரின் உள் ஓரத்தைத் தின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்தப் பழி பெரும்பாலும் டோவையே சேர வேண்டும். டோ பூஜ்யத்தில் இருந்தபோது -2 டிகிரி கேம்பரில்கூட உள் ஓரம் மற்ற இடங்களைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தேய்ந்தது.

ஆகவே நான் கைக்கொண்ட முறை இது. முதலில் டிராக்குக்கான கேம்பரில் வைத்து டோவைப் பூஜ்யமாக்கினேன். பிறகு சாலைக்கான கேம்பருக்கு மாற்றி, டோ எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அதைத் திருத்த இரண்டு பக்கமும் டை ராடை எத்தனை கால் சுற்றுத் திருப்ப வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நேராக நிற்கும். அளப்பதற்குச் சக்கரங்களோடு ஒட்டி நிறுத்தும் இரண்டு தகடுகளும் இரண்டு அளவு நாடாக்களும் போதும். 16 அங்குல ரிம்மின் விளிம்பில் முன்பக்க, பின்பக்க அளவுகளுக்கு இடையே 1 மி.மீ. வேறுபாடு என்பது ஏறத்தாழ 0.14 டிகிரி. டிராக்குக்காக மொத்தம் 1 முதல் 2 மி.மீ. வரை டோ-அவுட் (சக்கரங்களின் முன்புறம் வெளிநோக்கித் திரும்பியிருப்பது) வைத்தால் கார் வளைவுக்குள் விருப்பத்தோடு நுழைகிறது. அதே அமைப்பில் நெடுஞ்சாலையில் போனால், சாலையின் பள்ளக்கோடுகளை எல்லாம் தேடிப் போய் அலைபாய்கிறது. எனவே சாலைக்குப் பூஜ்யமே நல்லது.

முதல் முறையாவது நல்ல அலைன்மென்ட் கடையில் அளந்துகொள்ள வேண்டும். கணினித் திரை தொழிற்சாலை அளவுகளோடு ஒப்பிடுவதால், நீங்கள் விரும்பி வைத்த கேம்பரைச் சிவப்பில் காட்டும். வேலை செய்பவர் அதைப் பச்சைக்குக் கொண்டுவர முயல்வார். வேண்டிய எண்களைத் தாளில் எழுதி, காரை மேடையில் ஏற்றும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. டயர் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநரின் எடைக்கு ஈடான சுமை இருக்கையில் இருக்க வேண்டும். பிளேட்டின் அளவுகோடுகளை டிகிரி என்று நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தபோதும், என் காரின் இடது, வலது கேம்பர்களுக்கு இடையே 0.3 டிகிரி வேறுபாடு இருந்தது. உடலின் சிறு கோணல்கள் அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. பழைய நிலைக்குத் திரும்பி வருவதற்கான அடையாளமாக மட்டுமே அவை பயன்படும்.

டிராக்கில் கிடைத்த பலனை ஊசிமுனை வெப்பமானியால் சோதித்தேன். வேகச் சுற்றை முடித்தவுடன், டயர் ஆறுவதற்குள், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று ரப்பருக்குள் முனையைச் செலுத்தி அளக்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் அகச்சிவப்புக் கருவி இங்கே ஏமாற்றிவிடும். முன்பெல்லாம் வெளி ஓரமே மிகச் சூடாக இருந்தது, -2.5 டிகிரிக்கு வந்த பிறகு உள் ஓரம் சில டிகிரி செல்சியஸ் கூடுதலாகக் காட்டியது, அதுதான் வேண்டியதும். நீண்ட வளைவுகளில் முன்பக்கம் வழுக்கி வெளியே தள்ளும் குணம் தெளிவாகக் குறைந்தது. முழு அளவான -2.7 வரை போனபோது, நேர்க்கோட்டுப் பிரேக்கிங்கில் முன் டயர்களின் பிடிப்பு குறைவதை உணர முடிந்ததால் சற்றுப் பின்வாங்கினேன். பின்பக்கம் என் காரில் டார்ஷன் பீம் அமைப்பு (இரு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைப்பது). ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடு வைக்காமல் அங்கே எதையும் மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

இனி குறைகள். ரப்பர் இல்லாததால் சாலையின் ஒவ்வொரு இணைப்பும் கேபினுக்குள் ஒலியாக வருகிறது. என்னிடம் உள்ள பிளேட்டின் பேரிங்குக்குத் தூசி மறைப்பு எதுவும் இல்லை. மழையிலும் புழுதியிலும் ஓடிய பிறகு, ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பும்போது வலது பக்கம் ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கி, அந்த பேரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனை நேர்த்தியாகக் கடைந்தவர்கள் ஒரு சிறிய ரப்பர் மூடியைச் சேர்க்காததை என்னால் ஏற்க முடியவில்லை. வாங்கும் முன் பேரிங் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். போல்ட்டுகளை, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் மட்டுமே முறுக்கி, தலையிலும் தகட்டிலும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிராக்குக்கு அடிக்கடி போய், டோவைத் தாமே அளக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இந்தப் பாகத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் போய், மற்ற நாள்களில் குடும்பத்தோடு அதே காரில் பயணம் செய்பவர்கள், ரப்பர் மவுன்ட்டை அப்படியே விட்டுவிட்டு, டயர் உரசாத வரையில் கேம்பர் போல்ட்டால் -1.5 டிகிரி வரை போய், டோவைப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது.